சார்ஜர் கத்துதா?

லேப்டாப் சார்ஜர் சத்தம் போடுதுன்னு தம்பி ராத்திரி போன் பண்ணான். காதுகிட்ட வச்சா மட்டும் 'ங்ஙீ'ன்னு மெல்லிசா கேட்டா பெரும்பாலும் பயமில்லை, உள்ளே இருக்கிற காயில், அதாவது கம்பிச்சுருள், அதிர்றதுதான். பேட்டரி நிறைஞ்சு லோடு குறையுறப்போ சிலதுல கூடுதலாவே கேட்கும்.

ஆனா இவனுது 'சட்சட்'னு பொரியுதாம். ஒயர் மடங்குற இடம் பழுப்பேறி, லேசா தீஞ்ச வாடை வேற! முதல்ல சுவிட்சை அணை, அப்புறம் பிளக்கை உருவுடான்னேன்.

"பிளந்து பார்க்கட்டுமாண்ணா?"ங்கறான். 230 வோல்ட் ஏசி உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல டிசியாகி, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டர்ல நிற்கும். பிளக்கை உருவின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கலாம். கையை வச்சா அவ்ளோதான்.

புதுசு வாங்கு. வோல்ட் அதேதான் இருக்கணும், ஆம்பியர் கூட இருந்தா பரவாயில்லை, குறையக் கூடாது. லேப்டாப்ல சொருகுற பின்னும் பொருந்தணும், பிஐஎஸ்ங்கற இந்தியத் தர முத்திரையும் பாருன்னேன்.

"ரோட்டோரக் கடையில பாதி விலைதாண்ணா!"ங்கறான்.