2147483647: ஒரே எண்ணை வைத்து எண் கோட்பாடு படித்தேன்

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு முதல் முறை படித்தபோது ஃபெர்மா, வில்சன், இருபடி எச்சம் என்று தேற்றங்களை வரிசையாக மனப்பாடம் செய்தேன். கணக்கு வந்தால் எதை எடுப்பது என்று தெரியவில்லை. அடுத்த முறை ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டேன்: 2³¹ − 1, அதாவது 2147483647. படித்த தேற்றம் ஒவ்வொன்றையும் அதில் போட்டுப் பார்த்தேன். உங்களுக்கும் இதையே சொல்வேன்.

இது பகா எண்தானா? வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதுவரை ஏறத்தாழ 4,800 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் வகுக்க முடியுமா? இது பகா எண் என்பதைக் கணித மேதை ஆய்லர் கையாலேயே நிறுவினார். 1772-இல் அது வெளிவந்தது. அந்த வழியில் ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள்.

ஏதோ ஒரு பகா எண் இதை மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணின் மட்டில், அதாவது அதனால் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால், 2³¹ என்பது 1. 31 பகா எண் என்பதால் அதற்குச் சிறிய எந்த அடுக்கிலும் 1 வராது. ஆகவே ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி (வகுத்தி p என்றால், அதன் மட்டில் 2-இன் p − 1 அடுக்கும் 1), நம் வகுத்தியில் ஒன்றைக் கழித்தால் 31-ஆல் வகுபட வேண்டும். அப்புறம், 2³² என்பது 2 ஆகிறது. அப்படியானால் 2 ஒரு வர்க்கம், 2¹⁶-இன் வர்க்கம். இப்படி 2 ஒரு வர்க்கமாக, அதாவது இருபடி எச்சமாக, இருந்தால் வகுத்தியை 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 என்பது விதி. இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வரலாம். சோதிக்க வேண்டியவை நூறுக்கும் கீழே வந்துவிட்டன! எனக்கு இந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது.

அப்படிப்பட்ட முதல் பகா எண் 311. நீள வகுத்தல் வேண்டாம், வர்க்கம் எடுத்துக்கொண்டே போங்கள். 2⁸ = 256, 311-இன் மட்டில் அது −55. அதன் வர்க்கம் 3025, மீதி 226, அதாவது −85. அதன் வர்க்கம் 7225, மீதி 72. இது 2³². பாதியாக்கினால் 2³¹-க்கு 36. ஒன்று வரவில்லை, 311 வகுக்காது. அடுத்த இரண்டு, 1303-உம் 1489-உம், உங்களுக்கு.

ஒரு எச்சரிக்கை: அடுக்கு பகா எண் என்பதாலேயே விடையும் பகா எண் ஆகிவிடாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அவசரத்தில் மதிப்பெண் போவது இங்கேதான்.

சரி, பகா எண் என்று ஆனபின் இதையே மட்டாக வையுங்கள். 4-ஆல் வகுத்தால் மீதி 3; ஆகவே −1-க்கு வர்க்கமூலம் கிடையாது, இந்த எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாகவும் எழுத முடியாது. 2-க்கு வர்க்கமூலம் உண்டு, அது 65536. 2-இன் வரிசை, அதாவது 1 முதன்முதலில் வரும் அடுக்கு, வெறும் 31 என்பதால் அது பிரிமிட்டிவ் ரூட் (தன் அடுக்குகளாலேயே பூச்சியம் தவிர எல்லா மீதிகளையும் தரும் எண்) ஆகாது. மிகச் சிறிய பிரிமிட்டிவ் ரூட் 7. அதைச் சரிபார்க்க மட்டில் ஒன்றைக் கழித்த எண்ணின், அதாவது 2 × (2³⁰ − 1)-இன், காரணிகள் வேண்டும். 2¹⁵ − 1, 2¹⁵ + 1 என்று பிரித்தால் 7 × 31 × 151, 9 × 11 × 331 என்று கையிலேயே வந்துவிடும்.