ஒடோரியில் இறங்கினால்: நாலு சொல்லும் ஒரு பொதி மணலும்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கமிருந்து ஜப்பானின் சப்போரோவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிற பிள்ளைகள் முதலில் பழக வேண்டிய இடம் ஒடோரி நிலக்கீழ் ரயில் நிலையம். நகரின் 3 பாதைகளும் சந்திப்பது இங்கே மட்டும்தான்: பச்சை நன்போக்கு, செம்மஞ்சள் தோசாய், நீலம் தோஹோ. பெட்டிகள் ரப்பர் ரயரில் ஓடுவதால் நம்மூர்க் கோச்சியின் தடதடப்பு இராது.

மட்டக்களப்பில் "காந்தி பூங்காவடியில் இறங்கு" என்றால் போதும். சப்போரோ நகர நடுவில் முகவரி எண்ணிலேதான் இருக்கும். கிதா வடக்கு, மினாமி தெற்கு, நிஷி மேற்கு, ஹிகாஷி கிழக்கு. இந்த நாலு சொல்லையும் பாடமாக்கிக்கொண்டு போங்கள். வடக்கும் தெற்கும் ஒடோரிப் பூங்காவிலிருந்து எண்ணப்படும், கிழக்கும் மேற்கும் சோசெய் ஆற்றிலிருந்து. 'கிதா 1 நிஷி 2' என்றால் பூங்காவுக்கு வடக்கே முதல் வரிசை, ஆற்றுக்கு மேற்கே இரண்டாவது தொகுதி. 1878இல் கட்டிய மர மணிக்கூட்டுக் கோபுரம் அங்கேதான் நிற்கிறது. நிஜோ மீன்சந்தைக்கு மினாமி 3, ஹிகாஷி 1. சந்திகளின் சிக்னல் கம்பத்தில் இந்த எண்கள் எழுதியிருக்கும். அண்ணாந்து பார்த்தால் நிற்கிற இடம் தெரிந்துவிடும்.

பனிக்காலத்தில் மேலே ஏறாமலே பாதி அலுவலை முடிக்கலாம். வடக்கே சப்போரோ ரயில் நிலையம் வரை 520 மீற்றர் நிலக்கீழ் நடைபாதை, 2011இல் திறந்தது. அந்த ஒரு தரிப்புக்கு 210 யென் கொடுத்து ரயில் ஏறுவது வீண்காசு. தெற்கே போல் டவுன் நிலக்கீழ்க் கடைத்தெரு, இரவுக் கேளிக்கை வட்டாரமான சுசுகினோவுக்குப் போகும், கிழக்கே அவுரோரா டவுன் தொலைக்காட்சிக் கோபுரத்தின் காலடிக்கு. அந்தக் கோபுரத்தின் உயரம் 147.2 மீற்றர், ஏறக்குறைய 90 மீற்றரில் பார்வைத் தளம். அங்கிருந்து மேற்கே 1.5 கிலோமீற்றர் பூங்கா ஒரே நேராகத் தெரியும், ஒருமுறை கட்டாயம் ஏறிப் பாருங்கள்.

பிழை வருவது வாசலில். மஞ்சள் பலகையில் வாசல் எண்ணைப் பார்த்துவிட்டு ஏறுங்கள், இல்லாவிட்டால் அகலத் தெருவின் மறுகரையில் நிற்பீர்கள். எல்லா வாசலிலும் லிஃப்ற் இல்லை. பெரிய சூட்கேஸ் என்றால் லிஃப்ற் அடையாளத்தையே பின்தொடருங்கள். காசு போடும் லொக்கர்களில் பெரியவை சீக்கிரம் நிறைந்துவிடும். பழையவற்றுக்கு 100 யென் குற்றிதான் வேண்டும், நாள் மாறினால் இன்னொரு நாள் காசு.

மேலே ஏறினால் பயப்பட வேண்டியது குளிருக்கல்ல, வழுக்கலுக்கு. வாகனச் சில்லுகள் அழுத்தி அழுத்தி, வெள்ளைக் கோட்டுக் கடவைப் பனி கண்ணாடி போலாகிவிடும். பாதத்தை முழுதாக ஊன்றிச் சின்ன அடியாக வையுங்கள். சந்திகளில் ஒரு பெட்டி இருக்கும். உள்ளே சின்னப் பொதிகளில் மணல், கருங்கற்பொடி போன்றது. அது யாருக்கும் பொது. பொதியைக் கிழித்து முன்னால் தூவிவிட்டு நடக்கலாம். சப்பாத்தில் மாட்டும் ஆணிப்பட்டியைக் கடைக்குள்ளும் நிலக்கீழ்த் தளத்திலும் கழற்றிவிடுங்கள், ஓட்டுத்தரையில் அதுவே சறுக்கி விழுத்தும்.

சாப்பாட்டில் ஹலால் பார்ப்பவர்களுக்கு ஒன்று: சப்போரோவின் பெயர்பெற்ற மிசோ ராமெனில் (சோயா விழுது கரைத்த நூடில்ஸ் சூப்) பெரும்பாலும் பன்றி எலும்புச் சாறு சேரும். கேட்காமல் வாங்காதீர்கள்.

பெப்ரவரிப் பனிவிழாவில் சனம் நெருக்கும் நேரம் பூங்காவில் ஒரே திசையில்தான் நடக்க விடுவார்கள். பூங்காவின் மேற்குப் பக்கப் பனிச் சிற்பங்களைப் பார்க்க, தோசாய்ப் பாதையில் அடுத்த தரிப்பான நிஷி 11-சோமேயில் இறங்குவது சுகம்.