நட் பலி பாபா சந்நிதியில் தலைப்பொங்கல்

மகளுக்குத் தலைப்பொங்கல். சீர் கொண்டுபோய் வைக்க வேண்டிய நாளில், சம்பந்தி வீட்டாரோடு உத்தரப் பிரதேசத்தில், பாந்தாவின் பூராகட் கோட்டை அடிவாரத்தில், நட் பலி பாபா கோயில் வரிசையில் நின்றோம். வேண்டுதல் அப்படி. ஜாதியைச் சொல்லி மாப்பிள்ளை வீட்டில் பிடிகொடுக்காமல் இருந்தபோது, கல்யாணம் கைகூடினால் பிள்ளைகளோடு சங்கராந்திக்கு வருகிறேன் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். என் வீட்டுக்காரர் ஜான்சியில் ரயில்வே வேலையில் இருந்த காலத்திலேயே பாபாவின் மகிமையைக் கேட்டிருக்கிறோம்.

காதலுக்காகக் கழுவேறிய காத்தவராயனைக் கும்பிடுகிற குடும்பத்துக்கு பாபாவின் கதை சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்ளும். கழைக்கூத்தாடிப் பையன், கோட்டைத் தலைவனின் மகளை விரும்பினான். கேன் ஆற்றின் குறுக்கே நூல் கயிற்றில் நடந்து கோட்டைக்கு வந்தால் பெண்ணைத் தருகிறேன் என்றானாம் அப்பன். மகர சங்கராந்தி அன்று பையன் நடந்தான். கோட்டை கிட்டே வந்த நேரம் பார்த்து, வாக்குக் கொடுத்தவனே கயிற்றை அறுத்துவிட்டான். பாறையில் விழுந்து உயிர் போனது. அந்தப் பையனைத்தான் பாபா என்று கும்பிடுகிறோம். அவளும் கோட்டையிலிருந்து குதித்தாள் என்கிறார்கள். வருடாவருடம் அதே நாளில் அங்கே மேளா. காதலர் மேளா என்றுதான் ஜனங்கள் சொல்கிறார்கள்.

கூட்டம் சொல்லி மாளாது. ஆட்டோக்காரர் பாதி வழியில் இறக்கிவிட்டு முழுக் காசு வாங்கினார். தனி பூஜை என்று ஒருவர் தட்டை நீட்டி வழியை மறித்தார். அந்தப் பையன் உயிரை விட்ட நாளில், அவன் வாசலில் காசு பிடுங்க எப்படித்தான் மனசு வருகிறதோ!

சந்நிதியில் எங்களுக்கு முன்னால் ஒரு சின்ன ஜோடி. கூடப் பெரியவர்கள் யாரும் இல்லை. தேங்காய் பிடித்த அந்தப் பெண்ணின் கை நடுங்கியது. அவர்களுக்காகவும் கும்பிட்டேன். அப்புறம் எங்கள் முறை. ஊதுபத்தியை எடுத்தேன். "கொடுங்க அண்ணி, நான் ஏத்துறேன்" என்று சம்பந்தியம்மா வாங்கிக்கொண்டார். என் மகள் பேரை எடுத்தாலே போனை வைத்தவர். ஏற்றி முடிக்கும் முன்பே அழுதுவிட்டார். எனக்கு ஒரு சுலோகமும் வரவில்லை. "சாமி, உன் கயிற்றை அறுத்தார்களே, என் பிள்ளை கழுத்தில் தாலிக்கயிறு ஏற வைத்தாயே" என்பதுதான் திரும்பத் திரும்ப வாயில் வந்தது. பின்னாலிருந்து தள்ளினார்கள். நகர மனமில்லை.

1857 கிளர்ச்சியில் பேர்பெற்ற கோட்டை என்று மாப்பிள்ளை காட்டினார். நான் எங்கே பார்த்தேன்! சித்ரகூடம் போகிறவர்கள் பாந்தாவிலும் இறங்குங்கள். கல்யாணம் தடைப்பட்டு நிற்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்கள் பேரைச் சொல்லி பாபாவிடம் ஒரு வார்த்தை போட்டுவிட்டு வாருங்கள்.