பழைய மேசைக்கணினியை விண்டோஸ் 11க்கு ஆயத்தப்படுத்தல்: பயோஸில் எதை முதலில் மாற்றுவது?

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திய பிறகு, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலுள்ள மேசைக்கணினியை என்ன செய்வது என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியவில்லை. சிறு கடைகளுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அவர்களுடைய சம்பளப் பட்டியல்கள், வங்கிக் கூற்றுகள், வரிப் படிவங்கள் எல்லாம் இந்த ஒரே பெட்டிக்குள் இருப்பதால், புதுப்பிப்பு நின்றுபோன கணினியில் அவற்றைத் தொடர்ந்து வைத்திருப்பது சரியல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆனால் விண்டோஸ் 11க்கு இக்கணினி தகுதியற்றது என்று மைக்ரோசாஃப்டின் பரிசோதனைச் செயலி அறிவித்தது. விசாரித்த கடையிலும் புதுக் கணினிக்கான விலைப்பட்டியலைத்தான் தந்தார்கள்.

செயலி மறுத்தால், எதற்காக மறுக்கிறது என்பதைப் பார்த்துவிட்டே அடுத்த முடிவுக்குப் போக வேண்டும். விண்டோஸ் 11 கேட்பவற்றுள் முக்கியமானவை, இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது ஏஎம்டி ரைசன் 2000 வரிசையிலிருந்து தொடங்கும் புரொசசர், 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு, கையொப்பம் சரியான நிரல்களை மட்டுமே எழும்ப விடும் செக்யூர் பூட் வசதியுள்ள யூஈஎஃப்ஐ எனப்படும் புதுமுறை பயோஸ் (மதர்போர்டிலிருந்து கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) ஆகியவை. எங்களுடையது 2018இல் வாங்கிய, பி360 சிப்செட் கொண்ட ஏசஸ் மதர்போர்டில் கோர் ஐ5 8400 பூட்டிய கணினி. அந்தப் புரொசசர் 8ஆம் தலைமுறையைச் சேர்ந்தது; நினைவகமும் போதும். குறையென்று காட்டப்பட்டவை டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் மட்டுமே. அவை இரண்டும் அந்த மதர்போர்டிலேயே இருக்கின்றன. விற்றவர்கள் அவற்றை அணைத்த நிலையிலேயே விட்டு, விண்டோஸையும் பழைய முறைப்படி நிறுவிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பல கடைகளின் வழக்கம் அதுவே. இன்று அதே காரணத்துக்காக நல்ல கணினிகள் பழைய இரும்புக்குப் போவதைக் காண மனம் பொறுக்கவில்லை என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கணினி எந்த முறையில் எழும்புகிறது என்பதை அறிய, ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டச்சு செய்தால் வரும் பக்கத்தில் பயோஸ் மோட் என்ற வரியைப் பார்க்க வேண்டும். எங்களுடையதில் லெகசி என்று இருந்தது. லெகசி முறை 1981இல் ஐபிஎம் பீசியுடன் வந்த பயோஸின் தொடர்ச்சியாகும்: கணினி எழும்பும்போது டிஸ்க்கின் முதல் 512 பைட் பகுதியை வாசித்து, அங்கே உள்ள சிறு நிரலிடம் பொறுப்பைக் கொடுத்துவிடும். எம்பிஆர் எனப்படும் அந்த அமைப்பு, வழக்கமான டிஸ்க்குகளில் 2 டெராபைட்டுக்கு அப்பால் காணாது. முதன்மைப் பிரிவுகள் 4க்கு மேல் தாங்காது. யூஈஎஃப்ஐயோ, ஜிபிடி என்ற புது முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கில் ஃபாட்32 வடிவிலுள்ள ஒரு சிறு பிரிவைத் திறந்து, அதற்குள் இருக்கும் கோப்பை இயக்குகிறது. பழைய முறைக்கு இடம் கொடுக்கும் சிஎஸ்எம் என்ற அமைப்பை அணைத்தால்தான் செக்யூர் பூட் வேலை செய்யும். ஆனால் டிஸ்க் எம்பிஆராக இருக்கும்போதே சிஎஸ்எம்மை அணைத்தால் விண்டோஸ் எழும்பாது. ஆகவே டிஸ்க் முதலில், சிஎஸ்எம் பிறகு, டிபிஎம் அதன் பிறகு, செக்யூர் பூட் கடைசியில் என்ற ஒழுங்கு மாறக் கூடாது.

அதற்கும் முன்னர் செய்ய வேண்டியவை சில இருந்தன. கணக்குக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்குப் பிரதியெடுத்து, அதை இன்னொரு கணினியில் திறந்து சரிபார்த்தேன். அடுத்தது மதர்போர்டின் பற்றரி. சில காலமாகவே, சுவர்ச் சுவிட்சை அணைத்துப் போட்டால் கணினியின் திகதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். திகதி பிழையென்றால் வங்கித் தளம் உட்பட எந்தத் தளத்தின் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். இது சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணயப் பற்றரி தீர்ந்ததற்கான அடையாளம். தீர்ந்த பற்றரியை வைத்துக்கொண்டு பயோஸில் எதை மாற்றினாலும் அடுத்த மின்தடையோடு அழிந்துவிடும் என்பதால், அதை மாற்றாமல் மேலே போவதில் பயனில்லை.

பற்றரியைக் கழற்றும் முன் பயோஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். ஏசஸ் மதர்போர்டில் ஃபாட்32 பென் டிரைவ் ஒன்றைச் செருகி எஃப்12ஐ அழுத்தினாலும் பக்கம் படமாகப் பதிவாகும். பிறகு மின்கம்பியைக் கழற்றி, எஞ்சிய மின்சாரம் வெளியேறும்படி பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்து, பெட்டியின் பக்கத்தகட்டைத் திறந்தேன். மரைன் டிரைவ் பக்கமிருந்து வரும் கடற்காற்று எங்கள் வீட்டில் எதையும் விட்டுவைப்பதில்லை. பற்றரிக் குழியின் பித்தளை நாக்கில்கூடப் பச்சை பூத்திருந்தது. அதை உலர்ந்த தூரிகையால் துடைத்து, கொக்கியைச் சிறு திருப்புளியின் நுனியால் பக்கவாட்டில் தள்ளியதும் பழைய பற்றரி தானாக மேலெழுந்தது. கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதை அழுத்தினேன்.

மீண்டும் இயக்கியபோது, அமைப்பைச் சரிசெய்ய எஃப்1ஐ அழுத்தும்படி ஒரு செய்தி வந்தது. அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருப்பதால், இங்கேதான் முன்பு எடுத்த படங்கள் உதவுகின்றன. நேரத்தை இலங்கை நேரத்துக்கு வைத்த பின், டிஸ்க்குடன் கணினி பேசும் முறையைக் குறிக்கும் சாட்டா மோட் என்ற வரியை மட்டும் மிகக் கவனமாக ஒப்பிட வேண்டும். விண்டோஸ் ஏஎச்சிஐ முறையில் நிறுவப்பட்டிருக்க, அந்த வரி ரெய்ட் என்றோ ஐடிஈ என்றோ மாறிப்போனால் நீலத்திரைதான் வரும். எங்களுடையதில் ஏஎச்சிஐ அப்படியே இருந்தது.

டிஸ்க்கை மாற்றுவதற்கு விண்டோஸ் 10இன் 1703ஆம் பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. வேறு மென்பொருளைத் தேடி வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் முதன்மைப் பிரிவுகள் 3க்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டென்டட் பிரிவு எதுவும் இருக்கக் கூடாது, பிட்லொக்கர் என்ற டிஸ்க் குறியாக்கம் போட்டிருந்தால் அதை இடைநிறுத்தியிருக்க வேண்டும் என்பவை அது விதிக்கும் நிபந்தனைகள். சி, டி, ஈ, எஃப் என்று ஒரே டிஸ்க்கைத் துண்டுதுண்டாகப் பிரித்து வாங்கியவர்களுக்கு இந்த இடத்தில் தடை வரும். அவர்கள் கடைசிப் பிரிவுகளைக் காலிசெய்து நீக்க வேண்டியிருக்கும். எங்களுடைய எஸ்எஸ்டியில் 3 பிரிவுகளே இருந்தன. தரவுகள் உள்ள இரண்டாவது ஹார்ட் டிஸ்க் எம்பிஆராகவே இருக்கலாம். ஆனாலும் அதன் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்கினேன்.

நிர்வாகி அனுமதியுடன் கமாண்ட் புரொம்ப்ட்டைத் திறந்து, முதலில் வேலிடேட் தெரிவுடன் இக்கருவியை ஓட்ட வேண்டும். இது எதையும் மாற்றாமல், மாற்ற முடியுமா என்று மட்டும் சோதிக்கும். விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஓட்டுவதற்கு அலௌ ஃபுல்ஓஎஸ் என்ற தெரிவையும் சேர்க்க வேண்டும். சோதனை வெற்றி என்று வந்த பிறகு, வேலிடேட்டுக்குப் பதிலாகக் கன்வெர்ட் என்று கொடுத்தேன். கண நேரத்தில் முடிந்துவிட்டது. ஒரு கோப்பும் அழியவில்லை. ஆனால் இறுதியில், ரீஏஜென்ட் கோப்பைப் புதுப்பிக்க முடியவில்லை, மீட்புச் சூழலைக் கையால் அணைத்து மீண்டும் இயக்கவும் என்று ஒரு வரி வந்தது. இதைக் கண்டு பலர் மாற்றமே தோற்றுவிட்டதென்று எண்ணுகிறார்கள். மாற்றம் முடிந்துதான் இருக்கிறது. ரீஏஜென்ட்சி என்ற கட்டளையை முதலில் டிசேபிள் என்றும் பிறகு எனேபிள் என்றும் ஓட்டினால் அந்தக் குறையும் தீர்ந்துவிடும்.

அடுத்ததாக சிஎஸ்எம்மை அணைக்க வேண்டும். அதற்கு முன் கொட்டாஞ்சேனையில் கணினி திருத்தும் என் மருமகனிடம் தொலைபேசியில் கேட்டேன். எங்கள் கணினியில், அதற்கு முந்திய கணினியிலிருந்து எடுத்துப் பூட்டிய பழைய ஜிஃபோர்ஸ் 210 கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியும்.

"மாமி, சிஎஸ்எம்மை நிப்பாட்ட முதல் அந்தக் கார்டைக் கழட்டுங்கோ. இல்லாட்டி ஸ்கிரீனில ஒண்டுமே வராது. மொனிட்டர் கேபிளை போர்டிலயே குத்தி விடுங்கோ."

அவன் சொன்னதன் காரணம் இதுதான். யூஈஎஃப்ஐ முறையில் திரையில் படம் வர வேண்டுமானால், கிராஃபிக்ஸ் கார்டின் ஃபர்ம்வேரில் (அதற்குள் எழுதப்பட்ட நிரலில்) ஜிஓபி என்ற பகுதி இருக்க வேண்டும். 2009இல் வந்த அந்தக் கார்டின் காலத்தில் அது வழக்கத்தில் இல்லை. கார்டுக்குப் படம் காட்டத் தெரியாது என்பதால் பயோஸ் பக்கத்தையே காண முடியாமல் போகும். சிஎஸ்எம்மைத் திரும்ப இயக்கவும் வழி தெரியாது. ஐ5 8400க்குள்ளேயே யூஎச்டி 630 கிராஃபிக்ஸ் இருக்கிறது. கணக்கு வேலைக்கு அது தாராளம். கார்டைக் கழற்றி, மொனிட்டரை மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் பொருத்தினேன்.

பிறகு டெலிட் விசையை அழுத்திக்கொண்டு இயக்கி, எஃப்7 மூலம் அட்வான்ஸ்ட் மோடுக்குப் போய், பூட் பக்கத்தில் சிஎஸ்எம்மை டிசேபிள்ட் ஆக்கினேன். அதே பக்கத்தில் பூட் ஒழுங்கின் முதலிடத்தில் எஸ்எஸ்டியின் பெயர் நின்ற இடத்தில் விண்டோஸ் பூட் மனேஜர் வந்திருந்தது. டிஸ்க் சரியாக மாறியிருப்பதற்கு அதுவே முதல் சாட்சி. எஃப்10ஐ அழுத்திச் சேமித்ததும், விண்டோஸ் வழக்கம்போல எழும்பியது. இப்போது பயோஸ் மோட் வரியில் யூஈஎஃப்ஐ என்று இருந்தது. ஒரு மாற்றம் செய்து, விண்டோஸ் வரை போய்ப் பார்த்த பிறகே அடுத்த மாற்றத்தைச் செய்வது நல்லது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றினால், எது தடுத்தது என்று கண்டுபிடிப்பது கடினம்.

டிபிஎம் எளிது. அட்வான்ஸ்ட் பக்கத்தில் பிசிஎச்-எஃப்டபிள்யூ என்ற பிரிவில், இன்டெல் கணினிகளில் டிபிஎம்மாகச் செயல்படும் பிடிடியை இயக்கினால் போதும். ஏஎம்டி கணினிகளில் அதன் பெயர் எஃப்டிபிஎம். விண்டோஸுக்குத் திரும்பி ரன் பெட்டியில் டிபிஎம்.எம்எஸ்சி என்று கொடுத்தபோது, பதிப்பு 2.0 என்று காட்டியது.

செக்யூர் பூட்டில்தான் சற்று நேரம் செலவானது. ஓஎஸ் வகையில் விண்டோஸ் யூஈஎஃப்ஐ மோட் என்று தெரிந்தெடுத்துச் சேமித்த பிறகும், விண்டோஸில் செக்யூர் பூட் நிலை ஆஃப் என்றே இருந்தது. செக்யூர் பூட், எழும்பும் கோப்பின் கையொப்பத்தைத் தன்னிடமுள்ள சாவிகளுடன் ஒப்பிட்டே அதை அனுமதிக்கிறது. சாவிகளே ஏற்றப்படாவிட்டால் அது செட்அப் மோட் என்ற நிலையில் நிற்கும், எதையும் சோதிக்காது. கீ மனேஜ்மென்ட் பிரிவில் இயல்பான சாவிகளை நிறுவும் தெரிவைக் கொடுத்ததும் நிலை யூசர் என்று மாறியது, விண்டோஸிலும் ஓன் என்று வந்தது. இச்சாவிகள் சார்ந்த மைக்ரோசாஃப்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் மாதத்திலிருந்து முடிவடைகிறது. அவற்றின் இடத்தில் 2023ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் விண்டோஸ் புதுப்பிப்பு வழியாகவே வருகின்றன. ஆகவே இந்த ஆண்டுகளில் புதுப்பிப்புகளை நிறுத்தி வைப்பது கூடாது.

மருமகன் பயோஸைப் புதிய பதிப்புக்கு மாற்றவும் சொன்னான். அதை நான் செய்யவில்லை. தேவையான எல்லாம் இருக்கும் பதிப்பிலேயே இருந்தன. ஃபர்ம்வேர் எழுதப்படும்போது மின்சாரம் நின்றால் மதர்போர்ட் எழும்பாமலே போகலாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியோடு தொடர்புபட்டு நாடு முழுவதும் மின்சாரம் போனதை நாம் கண்டோம். நல்ல பற்றரியுடன் கூடிய யூபிஎஸ் இல்லாமல், தீர்க்க வேண்டிய ஒரு குறையும் இல்லாமல், பயோஸ் பதிப்பைத் தொடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இதே காரணத்தால் பயோஸில் ஏபிஎம் என்ற மின்சக்திப் பிரிவில், மின்சாரம் திரும்பும்போது என்ன செய்வது என்ற தெரிவைப் பவர் ஆஃப் என்று வைத்தேன். கரண்ட் வந்து, மறுபடி போய், மறுபடி வரும் அந்தச் சில நிமிடங்களில் கணினி தானாக எழும்பாமல் இருப்பதே டிஸ்க்குக்குப் பாதுகாப்பு.

விண்டோஸ் 11க்கு மாறியதில் சொல்ல அதிகமில்லை. செயலி இம்முறை தகுதியுள்ளது என்றது, கோப்புகளும் கணக்கு மென்பொருளும் இருந்த இடத்திலேயே இருந்தன. அதன் பிறகு டாஸ்க் மனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தைத் திறந்து, கணினியோடு சேர்ந்து எழும்பும் அரட்டைச் செயலிகளையும் பிரவுசர் உதவியாளர்களையும் அணைத்தேன். கணக்கு மென்பொருளின் தரவுத்தளச் சேவையையும் தானாகப் பிரதியெடுக்கும் செயலியையும் தொடவில்லை. எழும்புதல் வேகமாக வேண்டுமென்று அவற்றை நிறுத்துவது சரியான பேரம் அல்ல. லெகசி முறையில் காணப்படாத, எழும்பும்போது பயோஸ் எடுத்த நேரத்தைச் சொல்லும் லாஸ்ட் பயோஸ் டைம் என்ற கணக்கும் இப்போது அப்பக்கத்தின் மூலையில் தெரிகிறது.

புறக்கோட்டையில் நான் கணக்கு எழுதும் கடையொன்றிலும் இதேபோன்ற கணினி இருக்கிறது. ஆனால் அதன் புரொசசர் கோர் ஐ5 7400. அது 7ஆம் தலைமுறை என்பதால், பயோஸில் எதை மாற்றினாலும் விண்டோஸ் 11இன் பட்டியலுக்குள் வராது. அதற்கு, 2026 ஒக்டோபர் 13 வரை விண்டோஸ் 10க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். அந்தத் திகதிக்குள் கடைக்காரர் புதுக் கணினிக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லியாயிற்று.