ஒரு கீத் தகட்டுக்காகத் தோக்கியோ போன கதை

பெரியப்பாவின் கிட்டாரில் ஆறு கம்பிகள் உண்டு. ஐந்தைத்தான் சுதி சேர்க்க முடியும். ஆறாவது கம்பியின் கீயில் இருந்த பிளாஸ்டிக் பிடி பல வருடங்களுக்கு முன்பே பொடிந்து கொட்டிவிட்டது. வீணையில் பிரடை என்பார்களே, அதே வேலை செய்வதுதான். மலேசியாவின் ஈப்போவில் நாங்கள் ‘கீ’ என்போம். இடுக்கியால் பிடித்துத் திருகித் திருகி உள்ளே இருந்த இரும்புத் தண்டும் மழுங்கிவிட்டது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் இரண்டில் ஒன்று ஊமை. வால்யூம் குமிழைத் தொட்டால் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி பொரியும். சுதியை ஆட்டிக் குழைக்கும் டிரெமோலோ கம்பியை யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை என்பார் பெரியப்பா. பெரியம்மாவிடம் கேட்டால் அது வேறு கதை.

கிட்டார் டெய்ஸ்கோ. தோக்கியோவில் 1946-இல் தொடங்கிய கம்பெனி. 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வாசித்துவிட்டுப் போனதிலிருந்து இந்தப் பக்கத்துப் பையன்களுக்கெல்லாம் எலெக்ட்ரிக் கிட்டார் பைத்தியம். அமெரிக்க ஃபெண்டர் கிட்டார் வாங்க வக்கில்லாதவர்களுக்கு ஜப்பான் சரக்குதான். பெரியப்பாவுக்கு 1966-இல் பத்தொன்பது வயது. என்ன விலை கொடுத்தார் என்று இன்றுவரை சொன்னதில்லை. கல்யாண வீட்டில், தோட்டத்துத் திருவிழாவில், எங்கே கூப்பிட்டாலும் போய் வாசித்திருக்கிறார். அடுத்த வருடமே, 1967-இல், டெய்ஸ்கோ காவாய் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. கம்பெனிக்கு எழுதிப் பாகம் வரவழைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

முதலில் வீட்டிலிருந்தபடியே முயன்றேன். இணையத்தில் நல்ல பெயருள்ள அமெரிக்க வால்யூம் பாட் இரண்டு வாங்கினேன். குமிழுக்கு அடியில் இருந்து சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் பாட். வந்தபிறகுதான் புத்தி வந்தது. அமெரிக்கப் பாட்டின் கழுத்து முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 9.5 மில்லிமீட்டர். நம் கிட்டாரின் துளை ஜப்பானிய மெட்ரிக் அளவு, அதைவிடச் சின்னது. துளையைப் பெரிதாக்கினாலும் குமிழ் உட்காராது. அவர்கள் தண்டில் 24 பல், இதற்கு 18. டிரில்லைக் கையில் எடுத்த என்னைப் பெரியப்பா பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு டிரில் ஸ்டோரை விட்டு வெளியே வரவில்லை.

ஆகவே தோக்கியோ. எப்படியும் ஒரு தடவை போக நினைத்த ஊர்தான். கிட்டார் ஒரு சாக்கு. முழுக் கிட்டாரையும் தூக்கவில்லை. ஊமைப் பிக்கப், ஆறு கீயும் பொருத்திய கீத் தகடு, பொரிகிற பாட் மூன்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் ஓச்சானோமிசு. பெயருக்குத் ‘தேநீர்த் தண்ணீர்’ என்று பொருள். இங்கிருந்த ஊற்றின் தண்ணீர் ஷோகனின் தேநீருக்குப் போனதாகச் சொல்கிறார்கள். ஹிஜிரி பாலத்தில் நின்றால் கீழே கண்டா ஆறு. ஒரு கரையோரமாகச் சூவோ லைன் ரயில். அதற்கும் கீழே சுரங்கத்திலிருந்து சிவப்பு மாருனோவுச்சி ரயில் எட்டிப் பார்த்து, ஆற்றைத் தாண்டி, மறுபடி பொந்துக்குள் போய்விடுகிறது. அரை மணி நேரம் அங்கேயே நின்றிருப்பேன். கடைகள் எப்படியும் காலையில் மெதுவாகத்தான் திறக்கின்றன.

ஸ்டேஷனிலிருந்து மெய்ஜி பல்கலைக்கழகம் பக்கமாக இறங்கும் சரிவுதான் கிட்டார் தெரு. இரண்டு பக்கமும் கிட்டார் கடைகள். வாசலிலேயே வரிசையாக நிற்கின்றன, கூரைவரை தொங்குகின்றன. மாடிக்கு மாடி விலையும் வயதும் ஏறும். கிட்டாரைக் கையில் எடுக்குமுன் கேட்க வேண்டும்; பெல்ட் பக்கிள் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கடையில் எனக்கு ஏப்ரன் மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டார்கள்.

மூன்று கடைகளில் பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினேன். மூன்றிலும் ஒரே சொல்: “பிஸாரு.” மலாயில் ‘பெசார்’ என்றால் பெரியது. பெரிய சைஸ் என்கிறார்களோ என்று முதலில் குழம்பினேன். விஷயம் வேறு. 1960களின் விசித்திர வடிவ ஜப்பான் கிட்டார்களுக்கு இங்கே ‘பிஸார் கிட்டார்’ என்று பெயர், ஆங்கிலத்திலிருந்து வாங்கிய சொல். அமெரிக்க வென்ச்சர்ஸ் குழு 1965-இல் வந்து போனதும் இங்கேயும் அதே பைத்தியம்தான் பிடித்ததாம். ‘எலெக்கி’, அதாவது எலெக்ட்ரிக் கிட்டார், வாசிக்கக் கூடாது என்று சில பள்ளிகளில் தடைகூடப் போட்டார்கள். அந்த அலையில் அவசரமாகச் செய்து குவித்த சரக்குக்கு உதிரிபாகம் யார் வைத்திருப்பார்கள்?

நான்காவது கடையின் மூன்றாம் மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதே பிக்கப். வெள்ளி நிற மூடி, நடுவில் வெட்டிய இடத்தில் தங்க நிறத் தகடு. ‘கோல்டு ஃபாயில்’ என்று உலகமே தேடுவது இதைத்தான். ரை கூடர் என்ற அமெரிக்கக் கிட்டார்க்காரர் தன் ஃபெண்டரில் டெய்ஸ்கோ பிக்கப்பைப் பொருத்தி வாசித்தார். அதன் சத்தம் கேட்டு மயங்கியவர்கள் பிக்கப்புக்காகவே பழைய டெய்ஸ்கோ வாங்கி, அதை மட்டும் கழற்றிக்கொண்டு மீதியை ஒதுக்கினார்கள். ஒரு காலத்தில் மலிவுச் சரக்கு. பெட்டிக்குள் கிடந்த அந்த ஒற்றைப் பிக்கப்பின் விலை என் விமானச் சீட்டில் பாதி.

வாங்கவில்லை. விலை ஒரு காரணம். இந்தப் பிக்கப் எந்தக் கிட்டாரின் வயிற்றிலிருந்து வந்தது என்ற நினைப்பு இன்னொரு காரணம்.

அந்தக் கடைக்காரர் என்னைப் பின்பக்கம் ரிப்பேர் மேசைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், ஒரு வார்த்தை பேசவில்லை. பிக்கப்பின் இரண்டு ஒயரிலும் மீட்டர் வைத்தார். முள் அசையவில்லை: உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. மூடியின் மடிப்புகளை மெல்ல நிமிர்த்தித் திறந்தார். உள்ளே ரப்பர் கலந்த ஒரு காந்தப் பட்டை, அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. நடுவில் அறுந்திருந்தால் முழுவதையும் அவிழ்த்துப் புதிதாகச் சுற்ற வேண்டும். லென்ஸை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு லென்ஸைக் கொடுத்தார். செம்புக் கம்பி வெளி ஒயரோடு சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு, அங்கேதான் அறுந்திருந்தது. ஒரு சுற்றை மட்டும் அவிழ்த்து, நுனியைச் சுரண்டி, ஈயம் வைத்து ஒட்டினார். மீட்டரின் முள் எழுந்தது. ஜப்பானில் நான் பார்த்த அழகான காட்சி அதுதான், ஃபூஜி மலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கூலிக்கு ரசீது எழுதி, முத்திரை குத்தி, இரண்டு கையாலும் நீட்டினார். ஒரு வேளை ராமென் விலைகூட இல்லை.

பாட் வாங்க அக்கிஹபாரா. ஓச்சானோமிசுவிலிருந்து ஆற்றோரமாகக் கால்மணி நேர நடை. பொம்மைக் கடைகளின் சத்தத்தைத் தாண்டி ரயில் பாதைக்கு அடியில் நுழைந்தால் ரேடியோ சென்டர். கைகளை விரித்தால் இரண்டு சுவரும் தொடும் அளவுக்குச் சின்னக் கடைகள். போர் முடிந்த காலத்தில் ரேடியோ பாகம் விற்ற நடைபாதைக் கடைகளின் வாரிசுகள் இவை. ஒருவர் சுவிட்ச் மட்டும் விற்கிறார், இன்னொருவர் ஒயர் மட்டும். பாட் விற்கும் பாட்டி என் பழைய பாட்டின் முதுகில் இருந்த எண்ணைப் படித்துவிட்டு, “ஏ-யா, பி-யா?” என்றார். ஏ என்றால் காது கேட்கும் விதத்துக்கு ஏற்றபடி சத்தம் ஏறும், பி என்றால் நேர்கோடாக ஏறும். ஏ, என்றேன். துளைக்கும் சரி, குமிழுக்கும் சரி, அப்படியே பொருந்தும் இரண்டைச் சின்ன உறையில் போட்டுக் கொடுத்தார். ஊரில் மூன்று மாதம் பட்ட பாடு, இங்கே மூன்று நிமிடம்.

கீத் தகடு மட்டும் கிடைத்தபாடில்லை. ஆறு கீயும் ஒரே நீளத் தகட்டில் அடித்த பழைய பாணி அது. இன்றைய தகடுகளில் கீக்கு கீ இடைவெளி வேறு. தனித்தனிக் கீ போடலாம்தான், ஆனால் தலைக்கட்டையில் புதுத் துளை போட வேண்டும். டிரில் விஷயத்தில் எனக்குக் கெட்ட பெயர் இருக்கிறதே.

மூன்றாம் நாள் சூவோ லைனில் மேற்கே ஹச்சியோஜி பக்கம் போனேன். அங்கே ‘ஹார்டு ஆஃப்’ என்ற பழைய சாமான் கடை. சாவு வீட்டுச் சாமானிலிருந்து பழைய கேமரா வரை எல்லாம் வரும். பின்பக்கம் ‘ஜங்க்’ பகுதி, நீலக் கூடைகளில் ஒயர்களும் ரிமோட்களும். அதன் ஓரத்தில் சுவரில் சாய்ந்து நின்றது ஒரு டெய்ஸ்கோ. பெரியப்பாவுடையதன் கூடப்பிறந்தது என்றே சொல்லலாம். நிறம் மட்டும் வேறு. அட்டையில் எழுதியிருந்ததைப் போன் மொழிபெயர்த்தது: ‘சத்தம் வராது’.

எப்படி வரும்? பிக்கப் இருந்த இடத்தில் இரண்டு குழி, வெட்டிய ஒயர் நுனிகள். தங்கம் தேடியவர்கள் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்படாத கீத் தகடு ஆறு பிடியோடும் முழுசாக இருந்தது. டிரெமோலோ கம்பியைக்கூட யாரோ புண்ணியவான் டேப் போட்டு முதுகில் ஒட்டி வைத்திருந்தார். 3,300 யென்.

ஹோட்டல் கட்டிலில் தகட்டையும் கம்பியையும் கழற்றிக்கொண்டு மீதியை விட்டுவிட்டு வரலாம் என்றுதான் இருந்தேன். வரவேற்பில் கேட்டேன். இந்த அளவுச் சாமானைச் சும்மா குப்பையில் போட முடியாதாம். பணம் கட்டி ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, தேதி குறித்து வைக்க வேண்டுமாம். உண்மையைச் சொன்னால் ஸ்டிக்கர் விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனாலும் துண்டுகளில் சுற்றி, பெட்டி பிடித்து, ஈப்போ வரை தூக்கி வந்தேன்.

தகடு திருகுக்குத் திருகு பொருந்தியது. பெரியப்பா ஆறாவது கம்பியைச் சுதி சேர்த்து, டிரெமோலோ கம்பியை ஒரு அழுத்து அழுத்தி, பழைய ஷேடோஸ் பாட்டு ஒன்றின் முதல் வரியை வாசித்தார். விரல்கள் முன்போல் ஓடவில்லை. இரண்டு இடத்தில் தடுக்கியது. எதுவும் சொல்லாமல் கிட்டாரை மடியில் படுக்கப் போட்டுக்கொண்டு, சோபாவின் மேல் கீ இல்லாமல் கிடந்த மற்றதைப் பார்த்தார்.

“அதுக்கு என்னடா இல்ல?”

“ரெண்டு பிக்கப், கீ, கம்பி… எல்லாமேதான் பெரியப்பா.”

“கழுத்து நேராத்தான் இருக்கு,” என்றார்.