இரண்டு பித்தப்பை எனக்கு

எனக்குப் பித்தப்பை இரண்டு இருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை.

வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகு வரை இழுக்கும் வலி. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட ராத்திரி கட்டாயம் வரும். வயிற்று ஸ்கேனில் கல் தெரிந்தது. ரிப்போர்ட்டில் கூடவே இன்னொரு வரி: பித்தப்பை மடிந்திருக்கலாம், அல்லது நடுவில் தடுப்பு இருக்கலாம். முதலில் பார்த்த மருத்துவர் அதைக் கண்டுகொள்ளாமல் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். இரண்டாவதாகப் போன சர்ஜன் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார். எம்.ஆர்.சி.பி. எடுத்து வரச் சொன்னார். பித்தக் குழாய்களைத் துலக்கமாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. அது. வெறும் வயிற்றோடு போய்ப் படுத்து, மூச்சைப் பிடி, விடு என்றபடியெல்லாம் செய்தேன்.

கல் இருந்த பைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பை, அதற்குத் தனிக் குழாய்! சுமார் நாலாயிரம் பேரில் ஒருவருக்கு இப்படி அமையுமாம். 1926-இலேயே பாய்டன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் இதை வகை பிரித்திருக்கிறார். சர்ஜன் காகிதத்தில் வரைந்து காட்டினார். இரண்டு குழாயும் ஒன்றாகச் சேர்ந்து, பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தில் விழுந்தால் ‘ஒய்’, தனித்தனியாகப் போய் விழுந்தால் ‘எச்’. என்னுடையது எச்.

“கல் இல்லாத பையை எதுக்கு சார் எடுக்கணும்?” என்றார் என் வீட்டுக்காரர்.

“பின்னாடி அதுலயும் கல் வரலாம். அப்ப உள்ளே எல்லாம் ஒட்டிப்போய் இருக்கும், மறுபடி கை வைக்கிறது கஷ்டம்.”

சர்ஜன் பயந்தது பொதுப் பித்தநாளத்துக்காக. இரண்டு குழாய் இருக்கிற இடத்தில் எது எது என்று புரியாமல் அதை வெட்டிவிட்டால் பெரிய வினை. சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியில் தெளிவாகத் தெரியவில்லை என்றால் வயிற்றைத் திறப்போம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். அதனால்தான் நம்பிப் படுத்தேன்.

திறக்க வேண்டி வரவில்லை, நாலு துளையோடு முடிந்தது. நரம்பு வழியாக இண்டோசயனின் கிரீன் என்ற சாயம் ஏற்றினால், தனிக் கேமராவில் பித்தக் குழாய்கள் பச்சையாக ஒளிருமாம். இரண்டு குழாயையும் அப்படிப் பார்த்து உறுதி செய்த பிறகே கிளிப் போட்டு வெட்டியிருக்கிறார். சொன்னதைவிட நேரம் அதிகமானதில் வெளியே அம்மாதான் தவித்துப்போனார்.

எனக்கு வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. வயிற்றை உப்ப வைக்க ஏற்றும் வாயுவால் வருவதாம். நடக்க நடக்கக் குறைந்தது. இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

பயாப்ஸியில் நாள்பட்ட அழற்சி மட்டும்தான். இன்சூரன்ஸில்தான் இழுபறி. ‘இரண்டு பித்தப்பை’ என்றிருப்பது எழுத்துப் பிழையா என்று கேட்டார்கள். எம்.ஆர்.சி.பி. ரிப்போர்ட்டையும் சர்ஜனின் கடிதத்தையும் அனுப்பிய பிறகு பணம் வந்தது.