புரோகிரசிவ் கண்ணாடியும் ஒரு பேனாப் புள்ளியும்

கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு மைனஸ் 2 பவர். நாற்பத்தைந்தைத் தொட்டதும் வெள்ளெழுத்தும் வந்து சேர்ந்துகொண்டது. கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு: கண்ணாடியைக் கழற்றினால் மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரியும். ஆனால் எனக்கு கிண்டியில் அக்கவுன்ட்ஸ் வேலை. எதிரே இரண்டு திரை, மேசையில் பில் கட்டு, நிமிர்ந்தால் மேனேஜர். மாட்டுவதும் கழற்றுவதுமாக எத்தனை நாள் ஓட்டுவது?

"கடையிலேயே ஃப்ரீயா டெஸ்ட் பண்றாங்களே" என்றார் வீட்டுக்காரர். பவர் மட்டும் தெரிந்தால் போதும் என்றால் சரி. என் அப்பாவுக்குக் கண் அழுத்த நோய் இருந்தது. குடும்ப வழியில் வரக்கூடியது அது, ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியோ மங்கலோ காட்டாது. அதனால் கண் மருத்துவமனைக்கே போனேன். சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லிருந்து இருக்கிறது. நான் போனது வேளச்சேரியில் வீட்டுப் பக்கத்திலேயே ஒன்றுக்கு. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெயில் கூசும், எழுத்து மங்கும். ஸ்கூட்டரை எடுக்காமல் ஆட்டோவில் போவது நல்லது.

மெஷினில் தாடையை வைத்தால் நீண்ட சாலையின் கோடியில் ஒரு பலூன் தெரியுமே, அது தருவது உத்தேசக் கணக்குதான். அதற்கப்புறம் கனமான வட்ட ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முந்தினதா?" என்று கேட்பார்களே, அங்கேதான் பவர் முடிவாகிறது. ஊகித்துச் சொல்ல வேண்டாம். "ரெண்டும் ஒரே மாதிரி" என்பதும் அவர்களுக்குப் பயன்படும் பதில்தான்.

"கம்ப்யூட்டர் எவ்ளோ தூரத்துல இருக்கு மேடம்?" என்றாள் சோதித்த பெண். இஞ்சு டேப் வைத்து ஆபீஸில் அளந்துகொண்டுதான் போயிருந்தேன்: 65 செ.மீ. அவள் சொன்னது உபயோகமாக இருந்தது. புரோகிரசிவ் லென்ஸில் மேலே தூரம், கீழே கிட்டம். திரைக்கு உதவும் நடுப்பகுதி குறுகலானது. நாள் முழுக்க இரண்டு திரையை அதில் பார்த்தால் மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்துதான் வலிக்கும். ஆகவே வெளியே போக ஒரு புரோகிரசிவ், மேசைக்கு அந்த 65 செ.மீ.க்கு மட்டும் பவர் போட்ட சாதாரண லென்ஸ் ஒன்று. என் வயதுக்கு அதிலேயே பில்லும் படிக்க முடிகிறது.

கடையில் புரோகிரசிவ் விலை சில ஆயிரத்தில் தொடங்கி 30,000-ஐத் தாண்டிப் போனது. விற்பனைப் பையன் கெட்டிக்காரன். நீல டார்ச்சை ஒரு அட்டையில் அடித்தான். நீல ஒளியைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் ப்ளூ கட் லென்ஸைக் குறுக்கே வைத்ததும் வெளிச்சம் நின்றது. நல்ல வித்தை. அந்த டார்ச்சுகள் பொதுவாக வீசுவது ஊதா ஒளி, திரையிலிருந்து வரும் நீலம் பெரும்பாலும் வேறு அலைநீளம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2023 மதிப்பாய்வு 17 ஆய்வுகளை அலசி, கண் சோர்வைக் குறைப்பதில் இந்த லென்ஸால் குறுகிய காலப் பலன் அநேகமாக இல்லை என்றது. வேண்டாம் என்றேன். அதிகப் பவர்காரர்களுக்கான 1.67 என்ற மெல்லிய ரக லென்ஸும் என் பவருக்கு வீண். ஆன்ட்டி கிளேர் கோட்டிங்குக்கு மட்டும் மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்தேன், ராத்திரியில் எதிரே வரும் ஹெட்லைட்டை நினைத்து.

ஃபிரேமின் காதுக் கம்பியில் 52, 18, 140 என்று எழுதியிருக்கும்: லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், கம்பி நீளம், எல்லாம் மி.மீ.யில். புரோகிரசிவுக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். லென்ஸ் வகையைப் பொறுத்து கண்மணிக்குக் கீழே 14 முதல் 18 மி.மீ. வரை இடம் தேவைப்படும். ஒடுக்கமான ஃபேஷன் ஃபிரேம் என்றால் படிக்கும் பகுதியே வெட்டுப்பட்டுப் போகும். மூக்கின் நடுவிலிருந்து கண்மணி வரையிலான தூரத்தையும் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக அளக்கச் சொன்னேன். வலது 31, இடது 29.5 மி.மீ. வந்தது. மொத்தம் 60.5 என்று எழுதிச் சரிபாதியாகப் பிரித்திருந்தால் இரண்டு கண்ணிலும் மையம் தவறியிருக்கும்.

இவ்வளவு பார்த்தும் கண்ணாடி வந்தபோது வலது கண்ணால் படிக்க மோவாயைத் தூக்க வேண்டியிருந்தது. திரும்பப் போனேன். புரோகிரசிவ் லென்ஸை விளக்கொளியில் சாய்த்தால் 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு நுண்ணிய குறிகள் தெரியும். அதை வைத்துக் கடையின் மூத்தவர் மறுபடி மையத்தை வரைந்தார். வலது பக்கம் 3 மி.மீ. இறங்கியிருந்தது. எனக்கு வலது காது கொஞ்சம் மேலே, ஃபிரேமும் அந்தப் பக்கம் தூக்கி நிற்கும். ஃபிரேமை வளைத்து முகத்தில் நேராக உட்கார வைக்கும் முன்பே பையன் கண்மணிக்கு நேரே லென்ஸில் பேனாப் புள்ளியை வைத்துவிட்டான். "முதல்ல ஃபிரேமை செட் பண்ணணும்மா, அப்புறம்தான் புள்ளி" என்று அவரே சொல்லி, காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். புது லென்ஸில் முதல் சில நாள் ரயில் நிலையப் படிக்கட்டு மிதந்தது. கண்ணை உருட்டாமல் மூக்கைத் திருப்பிப் பார்க்கப் பழகியதும் சரியாகிவிட்டது.

வெயிலுக்குத் தானே கறுக்கும் லென்ஸைத்தான் முதலில் நினைத்தேன். அது புற ஊதாக் கதிர் பட்டால்தான் கறுக்கும். ஹெல்மெட்டின் பாலிகார்பனேட் கண்ணாடியோ அந்தக் கதிரைத் தடுத்துவிடும். போதாததற்குச் சூடு ஏற ஏறக் கறுப்பதும் குறையும். சென்னை மே மாதத்துக்கு அது எதற்கு? தூரப் பவர் போட்ட சாம்பல் நிற போலரைஸ்டு (பளபளப்பைக் குறைக்கும்) கூலிங் கிளாஸ் ஒன்று தனியாக வாங்கினேன், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி 400 என்று உறுதி செய்துகொண்டு. அந்தத் தடுப்பு இல்லாத வெறும் கறுப்புக் கண்ணாடி மோசம். இருட்டென்று கண்மணி விரிந்து கூடுதல் கதிரை உள்ளே விடும். ஈசிஆரில் முன்னால் போகும் கார் கண்ணாடியின் பளபளப்பு இப்போது கண்ணில் குத்துவதில்லை. பெட்ரோல் பங்கில் பணம் அனுப்பப் போனை எடுத்தால் மட்டும் சில கோணத்தில் திரை கறுப்பாகத் தெரியும். போன் கெடவில்லை, அது போலரைஸ்டு லென்ஸின் வேலை; கொஞ்சம் திருப்பிப் பிடித்தால் போதும்.